ஓரத்துக் கட்டம்

அநீதிகளை வரிசை மாற்றிச் சொல்லக் கூடாது. மாற்றிச் சொன்னால், பின்னால் நடந்ததுதான் முன்னால் நடந்ததற்குக் காரணம் என்று எதிரி நிறுவிவிடுவான். அதற்கென்றே அவன் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறான். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, எங்கள் ஆடுகள் மேய்ந்து எங்கள் பிள்ளைகள் சிப்பி பொறுக்கிய வெள்ளத்திட்டுக் கடலோரப் புறம்போக்குக்கு வேலி போட்டு, கம்பெனி அதற்கு உப்பளம் என்று பெயர் வைத்தது. இரண்டாவது, உப்பளத்துக்குள் குடிதண்ணீர்க் குழாய் போடுவதாகச் சொல்லி, மேனேஜர் பங்களாத் தோட்டத்தோடு குழாயை நிறுத்தியது. மூன்றாவது, புருசனும் பெண்டாட்டியும் ஒரே பாத்தியில் வேலை செய்தாலும் புருசன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டது. நான்காவது, நாங்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது, கண்டிராக்டர் வெளியூரிலிருந்து ஆள் பிடித்துவந்து, அதிகாரி பேர் கூப்பிடக் கூப்பிட எங்கள் பேர்களுக்கு அவர்களை "உள்ளேன் ஐயா" சொல்ல வைத்து, வேலைநிறுத்தமே நடக்கவில்லை என்று எழுதி வாங்கியது. ஐந்தாவது, எங்கள் சங்கக் கட்டடம் எரிந்து உறுப்பினர் அட்டைகள் சாம்பலானது. தீ வைத்தது யார் என்று நான் துண்டறிக்கை போட்டேன், தீயை விட்டுவிட்டு என்னைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆறாவது, கருத்தப்பாண்டி உப்புக் கிணற்றில் விழுந்து செத்தபோது, இப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை, உப்புத் திருட வந்தவன் தவறி விழுந்துவிட்டான் என்று கம்பெனி எழுதிக்கொடுத்தது.

நான்காவது அநீதியிலிருந்து எங்கள் சங்கத்தின் சட்டம் பிறந்தது: ஒருவர் பேருக்கு இன்னொருவர் குரல் கொடுக்கக் கூடாது. காய்ச்சலில் கிடந்தாலும் கட்டிலோடு தூக்கிவரச் சொல்லி "உள்ளேன்" என்று அவரவர் வாயால் சொல்ல வைத்திருக்கிறோம். ஐந்தாவது அநீதியிலிருந்து எங்கள் இணையதளம் பிறந்தது. தீ எட்டாத ஓர் இடத்தில் எங்கள் பேர்கள் இருக்க வேண்டுமென்று கேட்டோம். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த தோழர் ஞானதுரை உப்பளம் முழுக்க அலைந்து, ஒவ்வொருவரையும் அவரவர் பாத்தியில் நிறுத்தி, தேதி விழும்படி படம் பிடித்து, ஆளுக்கு ஒரு பக்கம் செய்து ஏற்றினார். கதவுக்குப் பூட்டு வேண்டுமே என்று பிளகின் என்கிற பாதுகாப்பு ஒட்டுநிரல் ஒன்றையும் தளத்தில் மாட்டி, எங்கள் சட்டத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு வேலை மாற்றலாகிப் போய்விட்டார். பிளகினை ஏன் என்று கேட்க ஆளில்லை. அதைச் செய்தவர்களும் கைவிட்டுவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. கேட்பாரில்லாமல் கிடப்பது எப்படியென்று எங்களுக்குத் தெரியும், அதனால் நாங்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை.

ஒரு பங்குனிக் காலையில், உப்பு பூத்து வெயில் தரையிலிருந்து மேலே அடிக்கிற நேரத்தில், அந்தப் பிளகின் கம்ப்யூட்டரிலிருந்து இறங்கிவந்து சங்க வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது. காக்கிச் சட்டை, நரைத்த மீசை, இடுப்பில் ஒரு சாவி. நான் கதவைத் திறக்கப் போனபோது கையை நீட்டி மறித்து, "நீங்கள் மனிதர்தானா?" என்று கேட்டார்.

என் வாழ்நாளில் போலீஸ் கேட்டிருக்கிறது, நீதிபதி கேட்டிருக்கிறார், சொந்த மாமனார் கேட்டிருக்கிறார். ஆனால் பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். "மனிதன்தான்" என்றேன். ஒன்பது கட்டமாகப் பிரித்த ஒரு படப்பலகையை நீட்டினார். படகு இருக்கிற கட்டங்களைத் தொடச் சொன்னார். தொட்டேன். "சரிபார்க்கப்பட்டது. நீங்கள் மனிதர். உள்ளே செல்லலாம்" என்றார்.

மத்தியானத்துக்குள் வெள்ளத்திட்டு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. யாரும் எப்படி என்று கேட்கவில்லை. கூடை சுமந்து திரும்பிய பெண்கள் தலைச்சும்மாட்டோடு வரிசையில் நின்றார்கள். சங்கத்தில் ஒரு வேலையும் இல்லாதவர்கள்கூட நின்றார்கள். வரிசையின் முன்னால் மரியசெல்வி நின்றாள். வாய் அடங்காதவள், நான் மேடையில் பேசும்போதே கீழேயிருந்து பதில் சொல்கிறவள்.

"எக்கா, இந்தக் கட்டத்துல செவப்பா கட்டையா ஒண்ணு ரோட்டோரமா நிக்கே, அது என்ன சாமி?"

"எந்த ஊருச் சாமியோ. கையும் காலும் இல்ல, ரெண்டு காது மட்டும் இருக்கு. தொட்டுக் கும்பிடு" என்றாள் பின்னால் நின்றவள்.

மரியசெல்வி தொட்டுக் கும்பிட்டாள். அது சீமைத் தெருக்களில் தீயணைக்கத் தண்ணீர் பிடிக்கிற குழாய் என்று பிற்பாடுதான் தெரிந்தது. "நீங்கள் மனிதர்" என்றார் அவர். அவள் திரும்பி வரிசையைப் பார்த்து, "கேட்டீயளா? எங்க வீட்டு ஆளக் கூட்டியாந்து இத ஒருக்கச் சொல்ல வைக்கணும்" என்றாள். வரிசை சிரித்த சிரிப்பில் வரப்பு ஓரத்து உள்ளான் குருவிகள் எழும்பிப் பறந்தன.

அவருக்கு மனுசராப் பெரியவர் என்று பேர் விழுந்தது. காலையில் அளத்துக்குப் போகும்முன் அவரிடம் ஒருமுறை கேட்டு வாங்கிக்கொண்டு போவது ஊரின் பழக்கமானது. கண்டிராக்டரிடம் வசவு வாங்கியவர்கள் சாயங்காலமும் ஒருமுறை வந்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். படகைத் தொடத் தெரியாத பிள்ளை அவர் மீசையைத் தொட்டது, அவர் யோசித்து, "மனிதர்" என்றார். கம்பெனி மேனேஜர் ஒருநாள் காரில் வந்து இறங்கினார். படகு எது, பாலம் எது என்று மூன்று தடவையும் தப்பாகத் தொட்டு, "உங்களைச் சரிபார்க்க இயலவில்லை" என்று ஊர் முன்னால் கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அன்று வெள்ளத்திட்டில் சமைக்காத வீட்டிலும் பாயசம் இருந்தது.

ஆனால் அவர் பழசாகிக்கொண்டிருந்தார். முதுகுப் பக்கம் சட்டையில் ஓட்டைகள் விழுந்தன. ஓட்டைக்குப் பின்னால் உடம்பு இல்லை, அங்கிருந்து காற்று வந்தது, எங்கள் கடற்காற்று அல்லாத வேறு காற்று, தெரியாத ஊர்களின் பெட்ரோல் வாடையோடும் புரியாத பாஷையில் யாரோ எதையோ விற்கிற குரலோடும் வந்தது. செயற்குழு நடக்கும்போது அந்த ஓட்டைகள் வழியாகச் சீட்டுக்கட்டுகள் பறந்துவந்து மடியில் விழும். கம்ப்யூட்டரில் சங்கத்தின் முதல் பக்கத்தைத் திறந்தால் கொடிக்குப் பதிலாக ஒரு பெண் ரம்மி விளையாடக் கூப்பிட்டாள். பெரியவர் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகில் நடப்பது அவருக்குத் தெரியவில்லை. பெண்கள் ஊசிநூல் கொண்டுவந்து தைத்தார்கள். தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிழிந்தது.

இந்த நேரத்தில்தான் ஆறாவது அநீதி நடந்தது. கருத்தப்பாண்டியின் மனைவி சங்கத்துக்கு வந்தாள். அழவில்லை. "செத்தவர வையட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா களவாணின்னு எழுதிருக்காவ. எம்பிள்ளைய பள்ளிக்கூடத்துல அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுதுவ. அந்த ஒத்தச் சொல்ல அழிச்சுக் குடுங்க" என்றாள்.

விசாரணைக்கு அதிகாரி வரப்போவதாகத் தாக்கீது வந்திருந்தது. கருத்தப்பாண்டி அங்கே வேலை பார்த்ததற்கு இருக்கிற ஒரே சாட்சி அவருடைய பக்கம்தான். அவர் அந்தக் கம்பெனிப் பாத்தியிலேயே தேதியோடு நிற்கிற படம் அதில் இருக்கிறது. ஆனால் பக்கம் திறக்கவில்லை. ஓர் உறுப்பினரின் பக்கத்தைத் திறக்க வேண்டுமென்றால் பெரியவர் அந்தப் படத்தையே ஒன்பது கட்டமாக்கி நீட்டுவார். அந்த ஆள் இருக்கிற கட்டங்களை எல்லாம் தொட வேண்டும். முதலில் கம்பெனிக் கிளார்க் எப்படியோ முதுகுப் பக்கம் நுழைந்துவந்து தொட்டிருக்கிறான், தப்பு. பிறகு எங்கள் செயலாளர் தொட்டார், தப்பு. பிறகு நான் தொட்டேன். கருத்தப்பாண்டியின் தலை, மார்பு, கால், கையில் பிடித்த உப்பு வாரும் பலகை, ஒன்றும் விடவில்லை. தப்பு என்றார். மூன்று தப்புக்குப் பிறகு பூட்டிவிட்டார். கருத்தப்பாண்டியின் மனைவி போய் நின்று தன் பேரைச் சொன்னபோது, "இந்தப் பெயரில் உறுப்பினர் இல்லை" என்றார். புருசன் பேரைச் சொன்னபோது, "பெயர் பொருந்தவில்லை" என்றார்.

டவுனிலிருந்து பெனடிக்டாவை வரவழைத்தோம். கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்துகொடுக்கிற பெண்மணி. ஸ்கூட்டரில் வந்து இறங்கி, பெரியவரைச் சுற்றி ஒரு நடை நடந்து, முதுகு ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, கையை எடுத்து முந்தானையில் துடைத்தார்.

"அண்ணாச்சி, இவர வச்சிருக்கது வாசல்ல ஆள நிறுத்திட்டுக் கொல்லைச் சுவர இடிச்சு விட்ட மாதிரி. ஒட்டெல்லாம் போடமுடியாது. எடுத்துட்டுப் புதுசு போடணும்."

கூட்டம் இரைந்தது. மரியசெல்வி முன்னால் வந்தாள். "புதுசு எங்கள மனுசின்னு சொல்லுமா?"

"புதுசு கேக்கவே கேக்காதுக்கா. ஆளு நடந்து வார விதத்தப் பாத்தே கண்டுபிடிச்சிரும்."

"கேக்காம கண்டுபிடிச்சு என்னத்துக்கு? கேட்டாத்தானே நமக்கு ஒரு இது."

கேள்விகூட ஒரு மரியாதை என்று ஒரு காலத்தில் நானே துண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன். ஆனால் கருத்தப்பாண்டியின் மனைவி வாசல் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள், அவளைப் பார்த்ததும் இரைச்சல் தானாகத் தணிந்தது.

"ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுக்கிட்டா?" என்று செயலாளர் கேட்டார்.

"ஒரு வாசலுக்கு ரெண்டு காவல் போட்டா ஒருத்தர ஒருத்தர் கள்ளன்னு பிடிச்சு உருளுவாவ. நீங்களும் உள்ள போகமுடியாது. இவர எழுப்பி அனுப்பிட்டுத்தான் அவரு வரணும்." பெனடிக்டா குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. பலவந்தமா அழிச்சா, இவரு பூட்டுன பக்கமும் இவரோட போயிரும். இவரா சாவியக் குடுக்கணும். போறதுக்கு முன்ன எல்லாரையும் ஒருக்கப் பேர் கூப்பிடுவாரு. பூட்டுன பக்கத்துக்கும் கடைசியா ஒரு வாய்ப்பு குடுப்பாரு. அதுவும் தப்புனா அவ்வளவுதான்."

விசாரணை நாளன்றே அதை வைத்துக்கொண்டோம். அதற்கு முன்னால் வைத்தால், திறந்த பக்கத்தை அதிகாரி பார்க்கும்முன் முதுகு வழியாக வருகிறவர்கள் அழித்துவிடுவார்கள். அன்று உப்பு அம்பாரங்கள் வெயிலில் கண்கூசி நின்றன, கானல் அவற்றின் அடியை அரித்து, வெள்ளை மலைகள் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருந்தன. அதிகாரி வந்தார். பெரியவர் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பொறுமையாகப் படகுகளைத் தொட்டு, மனிதரென்று சொல்லப்பட்டு உள்ளே போனார். போகும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கமும் சந்தோஷமும் இருந்ததை நான் கவனித்தேன். மேனேஜர் உள்ளே வரமுடியாததால் தெருவில் காரிலேயே உட்கார்ந்திருந்தார். கம்பெனி வக்கீல் மட்டும் தேறி வந்திருந்தார்.

பெரியவர் எழுந்து நின்று பேர் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் ஒருவர் "உள்ளேன்" என்று வந்து, தன் படத்தில் தன் கட்டங்களைத் தொட்டுவிட்டுப் போனார். ஆட்கள் போகப்போக வெயில் ஏறிற்று. கால்கள் இளைத்துப்போனவர்கள் வந்தார்கள், உப்பில் கண் மங்கியவர்கள் வந்தார்கள். படத்திலிருந்த தங்கள் வாலிபத்தைத் தடவித் தடவித் தேடித் தொட்டார்கள். பெரியவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை. பிறகு, "கருத்தப்பாண்டி" என்றார்.

எங்கோ ஒரு பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டது.

வக்கீல் சிரித்தார். "யாராவது குரல் குடுங்க பாப்போம். ஒருத்தர் பேருக்கு இன்னொருத்தர் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதானே, தோழர்?"

நாங்கள்தான். அந்தச் சட்டத்தை மேடை மேடையாகச் சொன்னவன் நான். அதையே இன்று உடைத்தால், நான்காவது அநீதியைச் செய்தவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? உடைக்காவிட்டால் ஆறாவது அநீதி நிலைத்துவிடும். பெரியவர் பலகையை நீட்டியபடி நின்றார். சாயலே மாறாத அந்த முகத்தில் விளிம்புகள் கரையத் தொடங்கியிருந்தன. உடைத்தாவது தீர்ப்போம் என்று நான் எழுந்தேன்.

"அண்ணாச்சி, உக்காருங்க" என்றாள் கருத்தப்பாண்டியின் மனைவி. "நீங்க ஒருக்கத் தொட்டுத் தப்புனவரு."

மரியசெல்வி கூட்டத்திலிருந்து, "நாலு தலைமுறைக்கும் சேத்து இன்னைக்குத்தான் அவர உக்கார வச்சிருக்கா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

கருத்தப்பாண்டியின் மனைவி படப்பலகைக்கு முன்னால் வந்து நின்று, "உள்ளேன்" என்றாள்.

"பெயர் பொருந்தவில்லை" என்றார் பெரியவர்.

"இன்னொருத்தர் பேருக்குக் குரல் கொடுக்கிறா. எழுதிக்கிடுங்க சார்" என்றார் வக்கீல்.

"நான் யாரு பேருக்கும் குடுக்கல" என்றாள் அவள், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு பலகை போட்டு உப்ப இழுத்தாரு. நான் கூடையில அள்ளி அம்பாரத்துல தட்டுனேன். அவரு படுத்த நாள்ல நானே இழுத்து நானே தட்டுனேன். ரெண்டு பேரு செஞ்சதுக்கு ஒரு பேர எழுதுனாவ. கம்பெனிக்காரன் எழுதுனான், சரி, அவன் புத்தி அது. அந்தப் பேரையே நீங்களும் எடுத்து ஏத்துனீய. படம் பிடிக்க வந்த வாத்தியாரு, கொஞ்சம் தள்ளி நில்லும்மான்னு சொன்னாரு. நான் தள்ளித்தான் நின்னேன். முழுசாத் தள்ளல."

பெரியவர் அவளைப் பார்த்தார். முதல்தடவையாக அவர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. கருத்தப்பாண்டியின் படம் ஒன்பது கட்டமாக அவர் கையில் இருந்தது. "உறுப்பினர் இருக்கும் எல்லாக் கட்டங்களையும் தேர்ந்தெடுக்கவும்" என்றார்.

அவள் தலையைத் தொட்டாள், மார்பைத் தொட்டாள், கால்களையும் உப்பு வாரும் பலகையையும் தொட்டாள். நான் தொட்ட அத்தனையையும் தொட்டாள். அதோடு விரல் நிற்கவில்லை. வலது ஓரத்தில், நாங்கள் எல்லோரும் வெறும் வரப்பு என்று விட்டுவிட்ட கட்டத்தில், கூடையின் விளிம்பும் அதைப் பிடித்த ஒரு கையும் இருந்தன. உப்பு வெடிப்பு விழுந்த முழங்கை, மூன்று ரப்பர் வளையல்கள், அதற்கு மேல் படம் முடிந்துவிட்டது. அவள் அந்தக் கட்டத்தைத் தொட்டாள். அதற்குக் கீழே இருந்த கட்டத்தில் பாத்தித் தண்ணீரில் ஒரு சேலை நிழல் கிடந்தது. அதையும் தொட்டாள்.

அதே ரப்பர் வளையல்கள் அவள் கையில் இப்போதும் கிடந்தன. அதிகாரி அதைப் பார்த்தார். வக்கீல் வேறு எங்கோ பார்த்தார்.

"சரிபார்க்கப்பட்டது" என்றார் பெரியவர். அந்தப் பிளகின் எங்கள் எல்லோரையும்விடக் கண்டிப்பாக எண்ணத் தெரிந்ததாக இருந்திருக்கிறது. ஒரு பேருக்குள் இரண்டு பேர் இருப்பதை முதல் நாளிலிருந்தே அறிந்து, இத்தனை காலமும் அதை யாராவது தொடுவார்களா என்று வாசலில் காத்திருந்திருக்கிறது. "நீங்கள் மனிதர்" என்று அவளிடம் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, அவர் எப்போதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "தாமதத்துக்கு வருந்துகிறேன்."

சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

பெனடிக்டா எல்லாப் பக்கங்களுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, "இப்ப இவரு எழும்பிப் போயிருவாரு. புதுசு ஏறுதது வரைக்கும் வாசல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாவ. அந்த இடைவெளிதான் ஆபத்து" என்றார். எனக்கு அதுவரை புரியாமல் இருந்த அவர் தொழில், அந்த இடத்தில் புரிந்தது. மறியல் எங்களுக்குத் தெரியும். கையைக் காட்டினேன், வெள்ளத்திட்டு எழுந்து, சங்கக் கட்டடத்தைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி நின்றது. பெரியவர் ஸ்டூலைக் கையால் துடைத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, முதுகு ஓட்டைகளைப் பற்றிக் கவலையில்லாமல் உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்தார். கானலுக்குள் போனார். கொஞ்ச நேரம் அம்பாரங்களோடு அவரும் மிதந்தார். பிறகு அம்பாரங்கள் மட்டும் மிதந்தன.

அந்த நேரம் பார்த்துக் கார்க் கதவு திறந்தது. மேனேஜர் இரண்டு ஆட்களோடு வேகமாக வந்தார். மரியசெல்வி இடுப்பில் கையை ஊன்றி, "சார்வாள், நீங்க மனுசரா?" என்று கேட்டாள். வளையம் முழுக்க அதையே கேட்டது. கிழவர்கள் கேட்டார்கள், பிள்ளைக்காரிகள் கேட்டார்கள், அன்றாடம் தாங்கள் கேட்டு வாங்கிய அந்தக் கேள்வியை, வாங்கியதைவிட மெதுவாக, பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டார்கள். மேனேஜர் காருக்குத் திரும்பினார்.

புதிய காவல் ஏறியது கண்ணுக்குத் தெரியவில்லை. சீட்டுக்கட்டுகள் நின்றன, அந்நியக் காற்று நின்றது, எங்கள் கடலின் வாடை திரும்ப வந்தது, அவ்வளவுதான் அடையாளம். கருத்தப்பாண்டியின் பக்கம் திரையில் திறந்து கிடந்தது. அதிகாரி தேதியைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார், பின்னால் தெரிந்த கம்பெனிக் கொட்டகையைப் பார்த்தார். பேனாவைத் திறந்து, களவாணி என்ற சொல்லை அடித்து, மேலே தொழிலாளி என்று எழுதினார். கருத்தப்பாண்டியின் மனைவி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், மை காய்கிறவரை.

"படத்துல இன்னொரு தொழிலாளி இருக்காங்களே" என்றார் அதிகாரி. "அவங்க பேரு?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செயலாளருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, கருத்தப்பாண்டி பொஞ்சாதி என்றுதான் எங்களுக்குத் தெரியும். மரியசெல்விக்குத் தெரிந்திருந்தது, ஆனால் வாயடங்காத அவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஒருவர் பேருக்கு இன்னொருவர் குரல் கொடுக்கக் கூடாது.

கருத்தப்பாண்டியின் மனைவி குனிந்து பெனடிக்டாவின் காதில் சொன்னாள். விசைகள் தட்டப்படுகிற சத்தம் கேட்டது. பக்கத்தின் தலைப்பில், புருசன் பேருக்குப் பக்கத்தில், ஒவ்வோர் எழுத்தாக வந்து நின்றது.

"வாசிங்க, அண்ணாச்சி" என்றார் பெனடிக்டா.

மேடையில் வளர்ந்த தொண்டை எனக்கு. வேறு எதற்கு இருக்கிறது அது. நான் எழுந்து, அதிகாரியையும் வக்கீலையும் பார்த்து, வெளியே இன்னும் கை கோர்த்து நின்ற வெள்ளத்திட்டுக்கும் தெருவில் நின்ற காருக்கும் கேட்கும்படி வாசித்தேன்:

"சந்தனமாரி."